துளசிக்கு உறவு எது? மூலிகைகளை மரபணுக் குறிகளால் வகைப்படுத்தும் முறை

கற்பூரவள்ளி இலையைக் கசக்கி முகர்ந்தால் ஓமத்தின் வாசனை எழும். சில ஊர்களில் அதற்கு ஓமவள்ளி என்றே பெயர். மணத்தை மட்டும் நம்பி உறவு சொல்வதானால், இவ்விரண்டும் நெருங்கிய உறவுச் செடிகள் என்றுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஆனால் ஓமம், கொத்தமல்லியும் சீரகமும் அடங்கிய ஏபியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. கற்பூரவள்ளியோ துளசி, புதினா, தும்பை ஆகியவை இடம்பெறும் லேமியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. பூக்கும் தாவரங்களின் வகைப்பாட்டில் இவ்விரு குடும்பங்களும் வெவ்வேறு வரிசைகளில் நிற்பவை. இரண்டின் எண்ணெயிலும் தைமால், கார்வக்ரால் போன்ற சேர்மங்கள் இருப்பதால்தான் மணம் ஒத்துப்போகிறது. பீட்சாவின்மீது தூவப்படும் ஓரிகானோவிலும் இதே கதைதான்: மத்தியதரைக் கடல் நாடுகளின் ஓரிகானோ துளசிக் குடும்பத்துச் செடி, மெக்சிகோ ஓரிகானோ என்று விற்கப்படுவது, நம் வேலியோரங்களில் வளரும் உண்ணிச்செடியின் குடும்பமான வெர்பினேசியைச் சேர்ந்த வேறொரு செடி.

மணமும் சுவையும் இப்படி ஏமாற்றக்கூடியவை என்பதால், தாவரவியலாளர்கள் பூவின் அமைப்பையே முதன்மைச் சான்றாகக் கொண்டார்கள். நாற்பட்டைத் தண்டு, எதிரெதிராக அமைந்த இலைகள், இரு உதடுகள் போலப் பிளந்த பூ, நான்காகப் பிரியும் சிறு கனி ஆகியவற்றைக் கண்டால் அது பெரும்பாலும் துளசிக் குடும்பம் என்று களத்திலேயே சொல்லிவிடலாம். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் செடிகளுக்கு இரு சொற்களாலான ஈரடிப் பெயர் சூட்டியபோது நம்பியிருந்ததும் இத்தகைய வெளித்தோற்றப் பண்புகளையே. அந்த முறை இன்றும் செல்லும். ஆனால் அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, பூவும் கனியும் கையில் இருக்க வேண்டும். காய்ந்து நொறுங்கிய இலையிலோ இடித்த பொடியிலோ அவை இருப்பதில்லை. இரண்டாவது, ஒரே வகையான பூச்சியையோ சூழலையோ எதிர்கொள்ளும் இரு வேறு செடிக்கூட்டங்கள், தனித்தனியாகவே ஒரே அமைப்பை அடைந்துவிடக்கூடும். அப்படிப்பட்ட ஒற்றுமையை உறவு என்று எண்ணுவது பிழை.

இந்த இடத்தில்தான் மரபணுக் குறி உதவிக்கு வருகிறது. செடியின் இலை, வேர், விதை என எந்தப் பகுதியை எடுத்தாலும், அதிலுள்ள உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு இருக்கிறது. அது அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்களால் ஆன ஒரு நீண்ட தொடர். இவற்றை நான்கு எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம். தலைமுறை தோறும் இத்தொடர் படியெடுக்கப்படும்போது, அரிதாக ஓர் எழுத்து மாறுகிறது, விடுபடுகிறது, அல்லது கூடுதலாக நுழைகிறது. ஓலைச்சுவடிகளைப் பதிப்பிப்பவர்கள் பாடபேதங்களை ஒப்பிடுவதை இதற்கு ஒப்புச் சொல்லலாம். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்பட்டால், அவ்விரண்டும் அப்பிழையைக் கொண்ட ஒரே மூல ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டவை என்று ஊகிப்பார்கள். செடிகளிலும் பொதுவான மாற்றங்களே பொதுவான மூதாதையைக் காட்டுகின்றன. இவ்வாறு செடிக்குச் செடி வேறுபட்டு, தலைமுறை வழியாகக் கடத்தப்பட்டு, ஆய்வகத்தில் கண்டறியத்தக்கதாக இருக்கும் டி.என்.ஏ. பகுதியையே மரபணுக் குறி என்கிறோம். அது ஒரு முழு மரபணுவாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரு மரபணுக்களுக்கு இடையிலுள்ள இடைவெளிப் பகுதியாகவும் இருக்கலாம்.

முழு டி.என்.ஏ.வையும் படிக்காமல் ஒரு பகுதியை மட்டும் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் கேள்விக்கு, செலவு ஒரு விடை. துளசியின் முழு மரபுத்தொகுதி சுமார் 38 கோடி எழுத்துகள் நீளமுடையது. லக்னோவிலுள்ள மைய மருத்துவ நறுமணத் தாவர நிறுவனமும் பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமும் தனித்தனியே அதன் வரைவுகளை 2015-இல் வெளியிட்டன. ஒரு கடையிலுள்ள பொடி துளசிதானா என்று அறிய இவ்வளவையும் படிப்பது வீண். ஆனால் செலவைவிட முக்கியமான விடை வேறு: டி.என்.ஏ.வின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு வேகத்தில் மாறுகின்றன. ஒளிச்சேர்க்கைக்கு இன்றியமையாத நொதியின் பெரும்பகுதியை உருவாக்கும் ஆர்.பி.சி.எல். என்னும் மரபணு மிக மெதுவாக மாறுகிறது. அதில் நேரும் பெரும்பாலான மாற்றங்கள் செடியின் வாழ்வையே பாதிக்கும் என்பதால் அவை நிலைப்பதில்லை. மேட்-கே என்னும் மரபணு அதைவிட விரைவாக மாறுகிறது. பி.எஸ்.பி.ஏ. – டி.ஆர்.என்.ஹெச். என்னும் இரு மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி எந்தப் புரதத்தையும் உருவாக்காததால் இன்னும் தாராளமாக மாறுகிறது. இம்மூன்றும், உயிரணுவுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பகுதியான பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.வில் உள்ளவை. உயிரணுவின் உட்கருவிலுள்ள ஐ.டி.எஸ். என்னும் இடைப்பகுதியும் விரைவாக மாறுவது. குடும்பங்களுக்கு இடையிலான பழைய உறவை அறிய மெதுவாக மாறும் பகுதி தேவை; நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்க விரைவாக மாறும் பகுதி தேவை. தொடக்க நிலையில் இதை ஒருவர் உறுதியாகப் பிடித்துக்கொண்டால், இத்துறையின் பாதிக் குழப்பங்கள் எழாது என்று நான் நினைக்கிறேன். எல்லாக் கேள்விகளுக்கும் விடை தரும் ஒரே குறி என்று எதுவும் இல்லை.

ஆய்வக வேலை சொல்லும்போது எளிதாகத் தோன்றும். மூலிகைகளில் அது அவ்வளவு எளிதன்று. பறித்த இளம் இலையைச் சிலிக்கா மணிகளிட்ட உறையில் வைத்து விரைவாக உலர்த்துவார்கள், அல்லது திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடிப்பார்கள். பின்னர் சி.டி.ஏ.பி. என்னும் வேதிப்பொருள் கலந்த கரைசலில் உயிரணுச் சவ்வுகளைக் கரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பார்கள். எந்தப் பொருள்கள் ஒரு செடியை மூலிகை ஆக்குகின்றனவோ, அவற்றில் பலவே இங்கே இடைஞ்சலாகின்றன. துளசி, புதினா போன்றவற்றின் பீனாலிக் சேர்மங்கள் காற்றுப்பட்டவுடன் பழுப்பாகி டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்கின்றன; வழுவழுப்பான பல்சர்க்கரைகளும் கூடவே வருகின்றன. இவற்றை நீக்காவிட்டால் அடுத்த படியான பி.சி.ஆர். நடப்பதே இல்லை. பி.சி.ஆர். என்பது வேண்டிய பகுதியை மட்டும் குறிவைத்துப் படியெடுக்கும் முறை. ஒரு சுற்றுக்கு இருமடங்கு என்ற கணக்கில், 30 சுற்றுகள் குறையின்றி நடந்தால் ஒரே ஒரு டி.என்.ஏ. துண்டிலிருந்து நூறு கோடிக்கும் மேற்பட்ட படிகள் கிடைக்கும். அதன்பின் எழுத்துத்தொடரை இயந்திரம் படிக்கிறது. பல செடிகளின் தொடர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எந்தெந்த இடங்களில் வேறுபாடு உள்ளது என்று கணினி கணக்கிட்டு, உறவைக் கிளைப் படமாக வரைகிறது. அப்படத்தின் எல்லாக் கிளைகளும் ஒரே உறுதியுடையவை அல்ல. தரவைப் பலமுறை மாற்றியெடுத்துக் கணக்கிட்டும் ஒரு கிளை தொடர்ந்து தோன்றினால்தான் அதை நம்புவார்கள்.

இம்முறை பழைய வகைப்பாட்டை எவ்வளவு ஆழமாக மாற்றக்கூடும் என்பதற்கு நீலகிரியில் பயிராகும் ரோஸ்மேரி நல்ல சான்று. அது ரோஸ்மரைனஸ் என்னும் தனிப் பேரினமாக, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தனிக் கூட்டமாக, லின்னேயஸ் காலம் தொட்டு இருந்து வந்தது. சேஜ் என்னும் சமையல் மூலிகையும் சியா விதை தரும் செடியும் சால்வியா என்னும் வேறு பேரினத்தில் இருந்தன. சால்வியாவின் மகரந்தத் தாள்களில் நெம்புகோல் போன்ற ஓர் அமைப்பு உண்டு. தேனீ தலையை நுழைத்ததும் அது சாய்ந்து தேனீயின் முதுகில் மகரந்தத்தைப் பூசும். இத்தனை நுட்பமான அமைப்பு ஒருமுறைதான் தோன்றியிருக்கும் என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் 2004-இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு, சால்வியா என்று அழைக்கப்பட்டவை ஒரே மூதாதையின் முழு வழித்தோன்றல்களாக அமையவில்லை என்றும், அந்த நெம்புகோல் அமைப்பு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றியிருக்கிறது என்றும் காட்டியது. ரோஸ்மேரி சால்வியாவின் கிளைகளுக்கு நடுவிலேயே வந்து நின்றது. இனி இரண்டு வழிகளே இருந்தன: சால்வியாவைப் பல பேரினங்களாக உடைத்து நூற்றுக்கணக்கான செடிகளுக்குப் புதுப்பெயர் சூட்டுவது, அல்லது ரோஸ்மேரி உள்ளிட்ட சுமார் 15 சிற்றினங்களைச் சால்வியாவுக்குள் கொண்டுவருவது. 2017-இல் தாவரவியலாளர்கள் இரண்டாவது வழியைப் பரிந்துரைத்தார்கள். ரோஸ்மேரி இன்று சால்வியா ரோஸ்மரைனஸ். மரபணுக் குறி உறவைச் சொல்கிறது. அந்த உறவுக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதை மனிதர்கள்தாம் பேசி முடிவெடுக்கிறார்கள் என்பதும் இதிலிருந்து தெளிவாகிறது.

நம் வீட்டு வாசலில் இருக்கும் கற்பூரவள்ளிக்கும் இது நேர்ந்திருக்கிறது. நெடுங்காலம் பிளெக்ட்ராந்தஸ் என்னும் பெரிய பேரினத்தில் கோலியஸ் என்னும் பேரினம் கலந்து கிடந்தது. டி.என்.ஏ. சான்றுகளின் துணையோடு 2019-இல் அப்பேரினம் மீண்டும் பிரிக்கப்பட்டபோது, கற்பூரவள்ளி கோலியஸ் அம்போயினிக்கஸ் என்னும் தன் பழைய பெயருக்குத் திரும்பியது. திருநெல்வேலிப் பக்கம் பொங்கலுக்குச் சமைக்கும் சிறுகிழங்கும், மருந்துக்காகப் பயிரிடப்படும் மருந்துக் கூர்க்கனும் அதே கோலியஸைச் சேர்ந்தவை. பழைய நூல்களில் இவற்றைப் பிளெக்ட்ராந்தஸ் என்று கண்டால் அது வேறு செடி என்று மயங்க வேண்டாம்.

பேரினத்தை அறிவது ஒரு வேலை. கையிலுள்ள இலை எந்தச் சிற்றினம் என்று சொல்வது வேறு வேலை. இரண்டாவதற்காக வளர்ந்ததுதான், குறிப்பிட்ட சிறு டி.என்.ஏ. பகுதியை மட்டும் படித்துச் சிற்றினத்தை அடையாளம் காணும் டி.என்.ஏ. பார்கோடு என்னும் முறை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட் 2003-இல் விலங்குகளுக்கு இக்கருத்தை முன்வைத்தார். விலங்குகளில் பயன்பட்டது, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் இழைமணியிலுள்ள டி.என்.ஏ. பகுதி; அது தாவரங்களில் மிக மெதுவாக மாறுவதால் இங்கே உதவவில்லை. 2009-இல் பன்னாட்டுத் தாவரப் பார்கோடு குழு, ஆர்.பி.சி.எல்., மேட்-கே ஆகிய இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. அவற்றால் பிரித்தறிய முடிந்தது தாம் ஆய்ந்த சிற்றினங்களில் 72 விழுக்காடு என்றும் அக்குழுவே தெரிவித்தது. அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேல் நழுவுகிறது. மருந்துச் செடிகளைப் பொறுத்தவரை இது சிறிய குறை அன்று. அடுத்த ஆண்டே சீன ஆய்வாளர்கள் 4,800 சிற்றினங்களைச் சேர்ந்த 6,600-க்கும் மேற்பட்ட மாதிரிகளை ஆய்ந்து, ஐ.டி.எஸ்.2 என்னும் சிறு உட்கருப் பகுதி 92.7 விழுக்காடு மாதிரிகளைச் சரியாக அடையாளம் காட்டியதாகக் கூறினார்கள். அப்பகுதி குறுகியது என்பதால், உலர்ந்து சிதைந்த மூலிகையிலும் அது முழுமையாகக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

துளசிப் பேரினமான ஓசிமத்தை எடுத்துக்கொண்டால் இம்முறையின் வலிமையும் குறையும் ஒருங்கே விளங்கும். நாம் வழிபடும் துளசி, ஓசிமம் டெனுயிஃபுளோரம். சப்ஜா விதை தரும் திருநீற்றுப்பச்சிலையும், இத்தாலியச் சமையலில் பேசில் என்று சேர்ப்பதும் ஒரே சிற்றினமான ஓசிமம் பேசிலிக்கம். இவ்விரண்டும் பார்கோடுகளில் தெளிவாகப் பிரிகின்றன. கிளைப் படத்தில் துளசி, பேசில் கூட்டத்திலிருந்து விலகித் தனியே நிற்கிறது. ஆனால் பேசில் கூட்டத்துக்கு உள்ளே சென்றால் எல்லைகள் மங்குகின்றன. எலுமிச்சை மணமுள்ள பேசில், திருநீற்றுப்பச்சிலைக்கும் நாய்த்துளசிக்கும் பிறந்த கலப்பினம். பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் பசுங்கணிகம் தாய்ச்செடி வழியாக மட்டுமே வருகிறது. ஆகவே பசுங்கணிகக் குறியை மட்டும் படித்தால் கலப்பினச் செடி தன் தாயின் சிற்றினமாகவே தோன்றும். தந்தை யார் என்பதற்குத் தடயமே இராது. அதை அறிய, இரு பெற்றோரிடமிருந்தும் வரும் உட்கருக் குறியையும் படிக்க வேண்டும். புதினாவில் இச்சிக்கல் இன்னும் கூடுதல். பெப்பர்மின்ட் என்பது நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட்டும் கலந்து பிறந்த, பெரும்பாலும் விதை தராத செடி; அந்த ஸ்பியர்மின்ட்டே வேறு இரு புதினாக்களின் கலப்பால் தோன்றியது. இத்தகைய கூட்டத்தில் ஒரே பார்கோடைப் பார்த்துப் பெயர் எழுதித் தருவதை நான் ஏற்கமாட்டேன்.

சிற்றினத்துக்கும் கீழே, ரகங்களை வேறுபடுத்த வேண்டுமானால் பார்கோடு உதவாது. பச்சைத் துளசியும் கருந்துளசியும் ஒரே சிற்றினம். ஒரு சிற்றினத்துக்குள் மாறாமல் இருக்க வேண்டும் என்றே பார்கோடு தேர்ந்தெடுக்கப்படுகிறது. இங்கே வேறு வகைக் குறிகள் வேண்டும். 1990-இல் அறிமுகமான ஆர்.ஏ.பி.டி. முறையில், படியெடுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும், பத்து எழுத்து நீளமுள்ள தொடக்கித் துண்டு மரபுத்தொகுதியில் பொருந்தும் இடங்களில் எல்லாம் ஒட்டிக்கொண்டு பல துண்டுகளைப் படியெடுக்கிறது. அத்துண்டுகள், அவற்றை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் கோடுகளாகத் தெரியும். செடியின் டி.என்.ஏ. பற்றி முன்கூட்டி எதுவும் தெரியாமலேயே இதைச் செய்யலாம் என்பதால், இந்தியப் பல்கலைக்கழகங்களில் மூலிகை ஆய்வு பரவ இது பெரிதும் காரணமாயிற்று. ஆனால் ஓர் ஆய்வகத்தில் வந்த கோடு இன்னோர் ஆய்வகத்தில் வராமற்போவது இதன் நீங்காத குறை. சில எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் நுண்தொடர்கள் அதைவிட நம்பகமானவை. அத்தொடர் எத்தனை முறை திரும்புகிறது என்பது ரகத்துக்கு ரகம் வேறுபடும்; தாய்வழி வந்ததையும் தந்தைவழி வந்ததையும் தனித்தனியே காணவும் முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒரே சிற்றினமான பேசிலிலேயே ஒரு செடியின் எண்ணெயில் லினலூல் என்னும் மணச் சேர்மம் மிகுந்திருக்கும். இன்னொன்றில் மெத்தில் சாவிக்கால், வேறொன்றில் மெத்தில் சின்னமேட். மணத்தையும் சுவையையும் பெரிதும் தீர்மானிப்பவை இவைதாம்; மருந்துப் பயனிலும் இவற்றுக்குப் பங்குண்டு. உறவைக் காட்டத் தேர்ந்தெடுத்த குறி, எண்ணெயின் கூட்டமைப்பைக் காட்டுவதில்லை. மண், வெயில், அறுவடைக் காலம் ஆகியவை உண்டாக்கும் வேறுபாட்டை எந்த டி.என்.ஏ. குறியும் காட்டாது. செடி எது என்பதற்கு மரபணுக் குறியும், அதில் என்ன இருக்கிறது என்பதற்கு வேதிப் பகுப்பாய்வும் என இரண்டும் வேண்டும்.

வணிகத்தில் இக்கருவி என்ன செய்யக்கூடும் என்பதற்குக் கீழாநெல்லியைப் பார்க்கலாம். மஞ்சள் காமாலைக்குப் பேர்போன இச்செடி பில்லாந்தஸ் அமாரஸ். இதே பேரினத்தின் சிறு செடிகள் பல, இலைக்கடியில் காய் வரிசையோடு, வயல்வரப்புகளில் கலந்தே வளர்கின்றன. பறித்து உலர்த்திக் கட்டாகக் கட்டியபின் இவற்றைப் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் கடினம். பில்லாந்தின் என்னும் சேர்மம் கீழாநெல்லியில் இருக்கும் அளவுக்கு எல்லாவற்றிலும் இல்லை. தென்னிந்தியாவில் 25 கடைகளிலிருந்து வாங்கிய மாதிரிகளை ஆய்ந்து 2010-இல் வெளியான கட்டுரை ஒன்று, 76 விழுக்காடு மாதிரிகள் ஏறத்தாழ முழுவதும் பில்லாந்தஸ் அமாரஸ் என்றும், எஞ்சிய 24 விழுக்காட்டில் வேறு ஐந்து பில்லாந்தஸ் சிற்றினங்கள் இருந்தன என்றும் கண்டது. முதலில் செடியின் தோற்றத்தைக் கொண்டு பிரித்துவிட்டுப் பின்னரே பார்கோடால் உறுதிப்படுத்தினார்கள் என்பது அதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். நான்கில் மூன்று பங்கு கடைகளில் சரியான செடியே கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். சந்தைக்கு வரும் மூலிகை எல்லாமே போலி என்று பேசுவது, செடியறிந்து பறிப்பவர்களுக்குச் செய்யும் அநீதி.

வேண்டுமென்றே செய்யும் கலப்படமும் உண்டு. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், சோதித்த ஓரிகானோ மாதிரிகளில் 48 விழுக்காடு கலப்பட ஐயத்துக்கு உள்ளாயின. கலந்திருந்தது பெரும்பாலும் ஆலிவ் இலை. இத்தகைய நிலையில் எல்லாச் சிற்றினங்களையும் கண்டறிய வேண்டியதில்லை. ஆலிவ் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி. ஆலிவில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் தொடக்கித் துண்டுகளை வடிவமைத்து, கோடு தோன்றினால் கலப்படம் என்று கண்டறியும் முறையை இத்தாலிய ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் கோடு தோன்றுவதால் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது தெரியாது, பி.சி.ஆர். மிகச் சிறு அளவையும் பெருக்கிவிடுமாதலால், அரைவை இயந்திரத்தில் ஒட்டியிருந்த தூசியும் கலப்படம்போலத் தோன்றக்கூடும். வடிசாறு, எண்ணெய், பிழிவு ஆகியவற்றில் டி.என்.ஏ. சிதைந்தோ நீங்கியோ போயிருக்கும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2015-இல் மூலிகை மாத்திரைகளைப் பார்கோடு முறையில் சோதித்து, அறிவித்த மூலிகை பலவற்றில் இல்லை என்று அரசுத் தரப்பு நடவடிக்கை எடுத்தபோது, தாவர வேதியியலாளர்கள் எழுப்பிய மறுப்பு இதுதான்: பிழிவில் டி.என்.ஏ. இல்லை என்பது அம்மூலிகை இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

எந்தக் குறியைப் படித்தாலும், கிடைத்த தொடரை ஏற்கெனவே பெயர் அறிந்த ஒரு தொடரோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்கிறோம். அந்தப் பழைய தொடருக்குரிய செடியை ஒருவர் தவறாக அடையாளம் கண்டிருந்தால், பிழை அடுத்தடுத்த ஆய்வுகளுக்கும் பரவும். இந்தியக் கீழாநெல்லி பழைய நூல்கள் பலவற்றில் பில்லாந்தஸ் நிரூரி என்று எழுதப்பட்டது. உண்மையில் அப்பெயருக்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. பழைய பழக்கத்தில் அப்பெயரிட்டுப் பதிவேற்றிய தொடர் தரவுத்தளத்தில் இருந்தால், கணினிக்கு அதை ஐயுற வழியில்லை. இதனால்தான் டி.என்.ஏ. எடுத்த அதே செடியின் கிளையைப் பூவோடும் காயோடும் அழுத்தி உலர்த்தி, பறித்த இடம், நாள், பறித்தவர் பெயர் ஆகிய குறிப்புகளோடு ஓர் உலர்தாவரகத்தில் சேர்த்து, அதன் எண்ணைத் தொடரோடு இணைத்து வெளியிட வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலுள்ள சென்னை உலர்தாவரகம் அத்தகைய சேமிப்பிடங்களுள் ஒன்று. தொடரில் ஐயம் எழும்போது, தாவரவியலாளர் ஒருவர் அந்தத் தாளை எடுத்து, பூவை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, பெயர் சரியா என்று சொல்ல முடியும். தவறென்றால் புதிய பெயர்ச் சீட்டை அதே தாளில் ஒட்டி, தரவுத்தளத்திலும் திருத்தச் செய்யலாம்.